பந்தல் விழவில்லை, அண்ணாச்சி

அண்ணாச்சி,

வீட்டுப் பின்பக்கக் கொடியில் சபைப் பந்தலின் தார்ப்பாய் காய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு நாளாக வெயில் சரியில்லை. ஜன்னலைத் திறந்தால் ஈரத் தார்ப்பாயின் வாடை அறைக்குள் வந்துவிடுகிறது. இந்த வாடை பட்டால் உங்கள் முகம் மாறிவிடும். பேசிக்கொண்டே இருப்பீர்கள், பாதியில் நிறுத்திவிட்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பீர்கள். ஜன்னலை மூடச் சொன்னாள் என் மனைவி. மூட மனம் வரவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமையோடு நம் ஆலயத்துக்கு ஐம்பது வருஷம் நிறைந்தது. காலையில் பிரதிஷ்டைப் பண்டிகை ஆராதனை, மதியம் அசனம். சபையார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த விருந்துக்கு அசனம் என்று பெயர் என்பதே நாகர்கோவில்காரரான நீங்கள் சொல்லித்தான் பண்ருட்டிக்காரனான எனக்குத் தெரியும்.

சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் உச்சியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் நீங்கள். கீழே நின்று பார்க்கிற எங்களுக்கே தலை சுற்றும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு பந்தலுக்குப் பயப்படுகிறாரே என்று சபையில் சிரித்தார்கள். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் பகல் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கினோம். அங்கே வைத்துத்தான் சொன்னீர்கள். நீங்கள் சின்னப் பையனாக இருந்தபோது, உங்கள் ஊர் ஆலயப் பண்டிகையில் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியிருக்கிறது. கர்த்தர் பார்த்துக்கொள்வார், யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். யாரும் எழவில்லை. பந்தல் சரிந்தது. அதில் உங்கள் தங்கை போய்விட்டாள்.

"எனக்கு அப்பமே பயமாத்தான் இருந்துச்சு தம்பி. எல்லாரும் சும்மா இருக்கும்போது நாம எப்படிச் சொல்லன்னு வெக்கப்பட்டு இருந்துட்டேன்" என்றீர்கள். மழை விட்ட பிறகும் வெகுநேரம் நாம் சைக்கிளைத் தொடவில்லை.

தங்கை போனதற்குப் பிறகு, பயத்தைச் சொல்ல நீங்கள் வெட்கப்பட்டதே இல்லை. ஒரு வருஷம் வானம் லேசாக மூடாக்குப் போட்டதற்கே, ஆராதனை முடிந்ததும் சபை நடுவில் எழுந்து, பிள்ளைகளை மட்டுமாவது பந்தலில் உட்கார வைக்க வேண்டாம் என்று கேட்டீர்கள். முணுமுணுத்துக்கொண்டே வராந்தாவில் பாய் விரித்தார்கள். சற்று நேரத்தில் வெயில் கொளுத்தியது. ஓர் இலை அசையவில்லை. புயல் எங்கே வந்துகினு இருக்குது அண்ணாச்சி என்று பந்தியில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்காக எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. நீங்களோ அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். வராமல் போனால் சந்தோஷம்தானே என்று சொல்லி, சாம்பார் வாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டீர்கள்.

நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன பிறகு கமிட்டிச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொறுப்போடு உங்கள் பயமும் சேர்ந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மைதானத்தில் பந்தல் வேலை நடந்தது. வங்கக்கடலில் தாழ்வு நிலை என்று காலையிலிருந்தே செய்தி. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. பந்தலுக்கு மேலே அந்தப் பழைய தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளை. அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் கமிட்டி கூடியபோது எழுந்து நின்றேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அசனத்தை ஆலயத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

டீச்சரம்மாவை நினைவிருக்கும். அஸ்திவாரக் கல் வைத்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். ஐம்பது வருஷம் நடத்திவந்த ஆண்டவர் ஒருவேளைச் சாப்பாட்டைக் காக்க மாட்டாரா என்று கேட்டார். பலிபீடத்துக்கு முன்னால் இலை போடுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆயர் புதியவர், வயதில் சிறியவர், டீச்சரம்மாவின் முகத்தையே பார்த்தார்.

அப்போதுதான், உங்களிடம் கேட்காமலே, உங்கள் தங்கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நீங்கள் சொன்னபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல். உங்களைக் கேலி செய்தவர்களும் அங்கே இருந்தார்கள். முடித்ததும் டீச்சரம்மா கேட்டார்:

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை, அண்ணாச்சி. நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெரியாது என்றேன். டீச்சரம்மா ஆயர் பக்கம் திரும்பி, "கோயில் பெஞ்சையெல்லாம் ஓரமாப் போடச் சொல்லுங்க" என்றார்.

ஞாயிறு காலை பிரசங்கத்தின் நடுவிலேயே மழை வந்துவிட்டது. பின்னாலேயே காற்று. ஆலயத்துக்குள் இலை போட்டுப் பரிமாறினோம். வெளியே தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒவ்வோர் அடிக்கும் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்கள். நான் சாப்பிடவே இல்லை. ஜன்னலோரம் நின்று பந்தல்கால்களையும் அந்தக் கிளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது விழும், இப்போது விழும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றியது.

விழவில்லை. காற்று அடங்கியபோதும் பந்தல் அப்படியே நின்றது. நல்லாத்தானே நிக்குது என்று வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. முன்பானால் கூசிப்போயிருப்பேன். அன்று ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து, ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன்.

இலைகளை எடுத்த பிறகு, வரும் ஆண்டுகளுக்கான ஜெபம். ஆயர் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டார். செயலாளர் நேற்றுத் தன் பயத்தைச் சொன்னதுபோல, இனி வரப்போகிற நாட்களை நினைத்து யாருக்கு என்ன பயமோ அதைச் சொல்லலாம், சபை ஆமென் சொல்லும் என்றார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கொயரில் பாடுகிற ஒரு பையன் முதலில் எழுந்தான். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருக்கிறான், பெர்மனன்ட் ஆகாமலே வயது போய்விடுமோ என்றான். ஆமென் என்றார்கள். எப்போதும் நடுப்பெஞ்சில் உட்காரும் ஓர் அம்மா, வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் தன் அடக்கத்துக்காவது வருவார்களா என்றார். ஆமென். அடுத்த ஐம்பது வருஷத்தில் இந்தப் பெஞ்சுகளில் யார் இருப்பார்கள் என்று டீச்சரம்மா கேட்டார். அதற்கும் ஆமென். பயத்துக்கு ஒரு சபையே ஆமென் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக நான் எழுந்தேன். வருகிற வருஷம் ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பண்ருட்டிப் பக்கம் போக வேண்டும், நம் சபை இல்லாத ஊரில் எப்படி இருக்கப்போகிறேனோ தெரியவில்லை என்றேன். ஆமென் வந்தது. ஆனால் பயம் போகவில்லை, அண்ணாச்சி. எழுந்து நின்று அதைச் சொல்வது ஒன்றுதான் உங்களிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. அந்த ஊரில் எழுந்து நின்றால் கேட்பதற்கு யார் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே தூறலில் வீட்டுக்கு நடந்தேன். பாதித் தெரு தாண்டியதும், குடைக்குள் ஒட்டி நடந்துவந்த என் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கும் பயமாத்தாங்க இருக்குது."