தம்பி படத்துக்கு முன்னால் வைத்த கிளாஸ்

அன்பு மகள் தனேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம், அவ்வளவுதான். சின்ன வீடு, போனில் பேசினால் எல்லாம் அப்பா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு கங்கா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். படிப்பாள்தான், படிக்கட்டும், இந்த வீட்டு வரிசையில் அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது.

தம்பி சுகுமாறன் போய் ஏழு மாதம் ஆகப் போகிறது. செகிஞ்சான் ரோட்டில் அந்த லோரி, அதை நான் எழுத மாட்டேன். அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். உன் கல்யாணத்துக்கு முன்னால் குடியை விட்டு ஒன்பது வருஷம் தொடாத மனுஷன் மறுபடி தொடங்கிவிட்டார் என்று உனக்குத் தெரியும். எப்படித் தொடங்கியது என்று நான் சொன்னதில்லை. நீ விமானம் ஏறின மறுநாள் பதினாறாம் நாள் காரியம். தம்பிக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தோம், ஆட்டுக்கறி, பொரித்த மீன், ஒரு போத்தல் பீர். கற்பூரம் காட்டி முடிந்ததும் உன் சித்தப்பா நல்லசாமி கிளாஸை எடுத்து அப்பா கையில் கொடுத்து, "படைச்சத கீழ ஊத்தக்கூடாதுண்ணே, அவன் குடிச்ச மாதிரி நெனச்சிக்க, ஒரு வாய்தான் லா" என்றார். அப்பா வாங்கிக் குடித்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிள்ளை தாகம் தீர்ந்தது என்று அந்த நேரம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைக்கும்போது அவன் படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் பீர் ஊற்றி வைத்தேன். படைத்த பிறகு அப்பா எடுத்துக் குடிப்பார், அது போதாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சம்சு குடிக்கக் கடைக்குப் போவார். பிறகு சனி, ஞாயிறு, அப்புறம் எல்லா நாளும்.

போன மாதம் இரத்தமாக வாந்தி எடுத்தார். உன்னிடம் வயிற்றுப் புண் என்று சொன்னேன், புண் இல்லை, ஈரல். இனிமேல் குடித்தால் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கிளினிக்கில் ஊசி போடுகிற ஒரு தமிழ் மிஸ்ஸி என்னைத் தனியாக உட்கார வைத்து, "ஆன்ட்டி, அங்கிள ஏசாதீங்க, ஏசி யாரும் விட்டதில்ல. குடிக்கிறதுக்கு முன்னுக்கு என்னா நடக்குதுன்னு மட்டும் பாருங்க, அத மாத்துங்க" என்றாள். நான் மூன்றாம் வகுப்பு. ஆனாலும் நாள்காட்டித் தாளைத் தூக்கிப் போடாமல் பின்பக்கம் தினமும் எழுதி வைத்தேன். வேலை முடிந்து மோட்டாரில் வந்தால் கடை வழியாக வருகிறார், குடிக்கிறார். கங்கா புருஷனோடு வேனில் வந்தால் நேரே வீடு. அதனால் மோட்டார் பழுது என்று பொய் சொல்லி அதை அவர்கள் வீட்டில் விட்டேன். வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால்தான் மனசு அங்கே போகிறது, அதனால் வந்தவுடனே சோறு போட்டேன். ஆறு நாள் நல்லபடியாகப் போனது. வெள்ளிக்கிழமை மட்டும் நடந்தே போய்க் குடித்துவிட்டு வந்தார். மூன்று வாரமும் அப்படியே. மூன்று வெள்ளிக்கிழமைத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மூன்றிலும் என் கையெழுத்தில் இருக்கிறது, விளக்கு வைத்தேன், கிளாஸ் வைத்தேன் என்று. டாக்டர் சொன்ன பிறகும் வைத்திருக்கிறேன், தனேஸ். பிள்ளைக்கு வைக்கிறோம் என்று நினைத்தேனே ஒழிய புருஷனுக்கு ஊற்றிக் கொடுக்கிறோம் என்று தோன்றவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை வைக்கவில்லை. அப்பா வேலைக்குப் போன பிறகு காலையிலேயே விளக்கேற்றிவிட்டேன், சாயங்காலம் கற்பூரமும் காட்டவில்லை. அப்பா வந்து படத்துக்கு முன்னால் நின்று, "அவனுக்கு இன்னிக்கு ஒன்னும் இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "நீயெல்லாம் பெத்தவளா?" என்றார். நான் சோறு போட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு வாசல்வரை போனார், செருப்பைப் போட்டார், பிறகு என்ன நினைத்தாரோ திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றைக்குக் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவுமில்லை. அது போகட்டும். ஆனால் சமைக்கும்போதெல்லாம் தம்பி பின்னால் வந்து நின்று கேட்கிற மாதிரியே இருக்கிறது. ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டுத்தான் உன் அப்பாவை உயிரோடு வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ஆடி அமாவாசை. சித்தப்பா படையலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், போத்தலோடுதான் வருவார். நான் தடுத்தால் "அண்ணிக்கு என்னா தெரியும்" என்று எல்லார் முன்னாலும் சிரிப்பார். நீ படித்தவள், உன் பேச்சுக்கு மரியாதை உண்டு, நீ சொல். வெறும் கையோடு வரட்டும், முடியாதென்றால் வரவே வேண்டாம். அதில் பாவம் வந்தால் அது அம்மா தலையில் இருக்கட்டும் என்றும் சொல்.

மாப்பிள்ளை வாரக் கடைசியில் கொஞ்சம் எடுப்பார் என்று சொன்னாயே, வாங்கி வீட்டில் வைக்க விடாதே, கண்ணில் பட்டால்தான் கை நீளும். இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டு இருக்காதே, பேரனுக்கு நேரத்துக்குச் சோறு கொடு. நீங்கள் மூன்று பேரும் எனக்குப் பின்னால் ரொம்ப வருஷம் நன்றாக இருக்க வேண்டும், இனி ஒரு பிள்ளையைப் பறிகொடுக்க என்னிடம் தெம்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சித்தப்பாவுக்குப் போன் பண்ணிவிடு, மறக்காதே. அமாவாசை அன்று தம்பிக்கு ஒரு செம்பு தண்ணீர் மட்டும் வைக்கப் போகிறேன். கோபம் இருந்தால் அவன் என்னிடம் வந்து கேட்கட்டும்.

உன் அம்மா,
இராஜம்மா