போன வருஷம் நீ கேட்டதற்குப் பதில்

எழிச்சூர்
6-10-1985, ஞாயிறு

அன்பு மகன் தணிகாசலத்துக்கு உன் அப்பா எல்லப்பன் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அக்கா மரகதம், அவள் பெண் கனகம், மாடு கன்று எல்லாம் சுகம். பம்பாயில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதை மன்னித்துக்கொள். ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே இறங்கும், சில எழுத்து பூசணிக்காய் அளவுக்குப் பெரிசாக இருக்கும், அவசரப்படாமல் படி. வியாழக்கிழமை ஆரம்பித்த கடிதம் இது, இன்றைக்குத்தான் முடியும்போல இருக்கிறது.

உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் இத்தனை நாள் யாரையும் சொல்ல விடவில்லை. தை மாதத்திலிருந்து நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு முதியோர் வகுப்பு நடக்கிறது, ராஜாமணி டீச்சர் சொல்லிக் கொடுக்கிறார். பதினொரு பேர் சேர்ந்தோம், இப்போது மிச்சம் நாலு பேர். நம் எதிர்வீட்டுச் சின்னப்பையன் என் பக்கத்தில் உட்காருகிறான், அவனுக்கு அறுபது தாண்டிவிட்டது, டீச்சர் சின்னப்பையன் என்று பேர் கூப்பிட்டதும் தினமும் ஒரு சிரிப்பு. முதல் நாள் டீக்கடையில் நின்றவர்கள், இன்னா எல்லப்பா, எமன் ஓலை கொண்ணாந்தா படிச்சுப் பாத்துட்டுத்தான் போவியா என்று கேட்டார்கள். ஆமா, உன் பேரு இருந்தா உன் வூட்டைக் காட்ட வேணாமா என்று சொல்லிவிட்டு வந்தேன். அது முதல் கேலி குறைந்துவிட்டது.

போன மாதம் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. ஆனால் நம் வீட்டில் படிக்கப் புத்தகம் ஏது, டிரங்குப் பெட்டியில் இருக்கிற உன் கடிதங்கள்தான். தேதிப்படி அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒன்றாகப் படித்தேன். எல்லாம் மரகதம் படித்துக் கேட்டவை, பாதி எனக்கு மனப்பாடம், அதனால் எழுத்து தெரியாத இடத்திலும் சொல் தெரிந்துவிடும். அந்தத் தைரியத்தில் போய்க்கொண்டிருந்தவன், போன வருஷம் ஐப்பசியில் நீ எழுதின கடிதத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். எனக்கு மனப்பாடமான வரிகள் முடிந்த பிறகும் தாளில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் அறைக்குள் போனால் வாரத்தில் பாதி நாள் ராத்திரி பத்துக்குத்தான் வெளியே வருகிறாய், மெஷினுக்குச் சூடு ஆகாதென்று அறையைக் குளிராக வைத்திருப்பதால் பம்பாய் வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், மாதத்தில் இரண்டு ஞாயிறும் ஓ.டி. வேலை, கண்ணை மூடினாலும் எண்கள் ஓடுகின்றன என்று எழுதியிருக்கிறாய். நீ வரைந்த படங்களைப் பார்த்த ஓவிய மாஸ்டர் ஒருவர் வாரத்தில் மூன்று சாயங்காலம் தன்னிடம் வரச் சொன்னதும், அதே வாரம் உன் அதிகாரி உன்னை ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்குகிறேன், இனி சாயங்காலமெல்லாம் இங்கேயே இருக்க வேண்டும் என்றதும் அதில் இருக்கிறது. கடைசியில், அப்பா, எனக்கு அந்தப் பதவி வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

அக்காவைக் கோபித்துக்கொள்ளாதே. அப்போது நான் நெஞ்சுவலி வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்த நேரம், நீ பதறுவாய் என்று அதை உனக்கும் எழுதவில்லை. மனசு கலங்குகிற எதையும் அவர் காதில் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் அவள் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் விட்டுவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். உடம்பு தேறினதும் சொல்லலாம் என்று இருந்தவள் பிறகு சொல்லப் பயந்துவிட்டாள். நான் கேட்டதும், நீ பொழைச்சு எழுந்தா போதும்னு இருந்துட்டேன்பா, தம்பி என்னை இன்னான்னு நெனைச்சுக்கினு கீறானோ என்று அழுதாள். ஆனால் பெரிய தப்பு என்னுடையது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள், எந்தக் கடிதமானாலும் முடிக்கும்போது அதிகாரி சொல் தட்டாதே, அவர் சொன்னபடி நட என்று போடச் சொல்வது என் வழக்கம். அங்கே மழை உண்டா என்று கேட்கிற மாதிரி அதுவும் ஒரு பேச்சுக்குத்தான். அந்தக் கடிதத்திலும் சொன்னேன். அந்த வரி எழுதறப்போ எனக்குக் கையே ஓடலப்பா என்று மரகதம் இப்போது சொல்கிறாள். நீ அவ்வளவு எழுதிக் கேட்டதற்கு அந்த ஒரு வரிதான் உனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த மாதமே சூப்பர்வைசர் ஆகிவிட்டேன் என்று எழுதினாய், நாங்கள் வெல்லப் பொங்கல் வைத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். அதற்குப் பிறகு உன் கடிதம் ஆறு வரிக்கு மேல் வந்ததில்லை, படமும் வரவில்லை. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அதனால் எழுத ஒன்றுமில்லை என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் என்றதும் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நீ முன்பு வரைந்து அனுப்பின மெஷின் தாள்கள், இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை போட்டது, ஒன்பது இருந்தன. ஒரு பக்கம் உன் படம், மறுபக்கம் மெஷின் அடித்த எண்கள். எண் பக்கம்தான் உன் உத்தியோகம், நாலு பேர் பார்க்க வேண்டியது அதுதான் என்று நினைத்து, நான்தான் மைதாப் பசை காய்ச்சிப் படம் சுவரைப் பார்க்கிற மாதிரி நடுவீட்டில் ஒட்டினேன். வருகிறவர்களுக்கெல்லாம் இது என் மகன் போட்ட கணக்கு என்று விரல் வைத்துக் காட்டுவேன். போன வாரம் உன் அம்மா ஈரத்துணி வைத்து ஒவ்வொன்றாக உரித்தாள், நாலு கிழிந்துவிட்டன, ஐந்து பிழைத்தன. ரயிலில் தூக்கு கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகத் தூங்குகிறவர்கள் ஒன்று, பாலத்தடியில் வாழைப்பழம் விற்கிற அம்மாள் ஒன்று. ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆள் மெஷின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற படத்தை யாரோ என்று நான் தள்ளினேன். யாரோவா, அந்தக் காதைப் பாரு, உன் வூட்டுக் காது, எம்புள்ளதான் அது என்று உன் அம்மா பிடுங்கிக்கொண்டாள். இப்போது அது அவள் தலைமாட்டில் இருக்கிறது. நீ கலர் ஒயரை முறுக்கிச் செய்து கொடுத்த குதிரையைக் கனகம் இன்னும் யாரையும் தொட விடுவதில்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன், இந்த வரிகளை மரகதம் பார்க்கவில்லை. அந்தப் பதவி வேண்டாம் என்று சொல்லிவிடு. பழைய வேலையைக் கொடுத்தால் வாங்கிக்கொள், பொழுதோடு வீடு திரும்பு. எங்களை நினைத்துத் தயங்காதே, ஏரியில் தண்ணீர் இருக்கிறது, மாடு கறக்கிறது, என் நெஞ்சும் சரியாகிவிட்டது. மேலே போனவன் கீழே இறங்கினான் என்று இங்கே யாராவது பேசினால் பேசட்டும், டீக்கடைக்குத் தினம் போகிறவன் நான், பதில் சொல்லிக்கொள்கிறேன். படம் போடுவதால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். வகுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று உன் அம்மாவைக் கேள், வாரத்தில் மூன்று நாளாவது அந்த முகத்தோடு நீ உன் அறைக்குத் திரும்பினால் எனக்குப் போதும். அந்த மாஸ்டர் இன்னும் உன்னைச் சேர்த்துக்கொள்வாரா தெரியவில்லை, ஆனாலும் போய் நின்று கேள். ஒரு வருஷமாக ஏன் வரவில்லை என்று அவர் கேட்டால், என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரியும் என்று சொல்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கண் எரிச்சல் தணியும். அதிகாரியிடம் பேசினதும் ஒரு கார்டு போடு. என் பேருக்கே போடு, எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக எழுது, எதையும் மறைக்காதே. டீச்சர் கொடுத்த தாளில் இன்னும் இரண்டு இருக்கிறது, உன் கார்டு வந்தாலும் வராவிட்டாலும் வருகிற வியாழக்கிழமை நான் எழுத உட்கார்ந்துவிடுவேன். நோய் நொடியில்லாமல், மனசில் நிம்மதியோடு, நீண்ட ஆயுசோடு நீ இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு
உன் அப்பா
எல்லப்பன்