நனையாத குடை

அக்கா,

இன்று காலை கடையைத் திறந்ததும், கம்ப்யூட்டரைக்கூடப் போடாமல், மேசையின் கீழ் இழுப்பறையைக் காலி செய்தேன். ஒரு வாரமாகக் குன்னூரில் விடாத மழை. ஈரம் ஏறிய காகிதம் பிரிண்டரில் சிக்கும் என்பதால், கட்டுகளைப் பிரித்து ஹீட்டர் பக்கத்தில் அடுக்கினேன். கல்யாணப் பத்திரிகை மாதிரிகளுக்கு அடியில் அது கிடந்தது. வெளிர்மஞ்சள் தாளில் பதினொரு பக்கம், ஓரத்தில் இரண்டு பின். நீங்கள் படித்து முடித்த புத்தகங்களில் எல்லாம் உங்கள் பேக்கரியில் சுடும் மொறுமொறு வர்க்கியின் எண்ணெய்க் கறை இருக்கும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை.

உங்கள் பேக்கரிக்கும் என் டிடிபி கடைக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஆனாலும் பல வருடம் நம் பேச்சு மழையையும் கரண்ட் போனதையும் தாண்டவில்லை. பில்லோ நோட்டீஸோ எது வந்தாலும் "கண்ணாடி ஊட்ல இருக்குது, நீயே படிச்சுச் சொல்லும்மா" என்று என்னிடம் கொண்டுவருவீர்கள். உங்களைக் கண்ணாடியோடு ஒருநாளும் பார்த்ததில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

டூரிஸ்ட் யாரோ உங்கள் கடையில் மறந்துவிட்டுப் போன ஆங்கிலப் புத்தகத்தை ஒரு மத்தியானம் எடுத்து வந்தீர்கள். அட்டையில் பூதக்கண்ணாடி, பழைய துப்பறியும் கதை. உள்ளே வெளிர்மஞ்சள் தாள், பெரிய எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி.

"இங்கிலீஷ் எனக்கு வராதும்மா. ஆனா இதுல எழுத்து அசையாம நிக்குது பாரு. நம்ம புத்தகத்துல எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு முண்டிக்கிட்டு நிக்கும்."

பின்னட்டையைப் படித்துச் சொன்னேன். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்காக வடிவமைத்த பதிப்பு என்று போட்டிருந்தது. அது அறிவுக் குறை இல்லை, எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம் என்றும் தேடிச் சொன்னேன்.

"இதுக்குப் பேரெல்லாம் இருக்குதா? மக்குங்கறதுதான் பேருன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அன்றுதான் மற்றதையும் சொன்னீர்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றதை. உங்கள் வீட்டுக்காரர் இருந்தவரை வாரப் பத்திரிகையில் வந்த துப்பறியும் தொடர்களைப் படித்துக் காட்டியதை. "அவரு மவுத்தானப்புறம் கொலைகாரனுங்க எல்லாம் ஜாலியாத் தப்பிச்சிட்டானுங்க" என்று சிரித்தீர்கள்.

அதே மாதிரி தமிழில் தேடினேன், கிடைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவள்தானே, நானே செய்தால் என்ன என்று தோன்றியது. பாட்டன் காலத்துத் துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்து, வேலை இல்லாத நேரத்தில் தட்டச்சு செய்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். நீளச் சொற்களைப் பிரித்தேன். வலது ஓரத்தை இழுத்துச் சமமாக்காமல் அப்படியே விட்டேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியாகப் பின் அடித்து இழுப்பறையில் வைத்தேன். கொலைகாரன் யார் என்று நீங்கள் பெயர் சொன்ன பிறகுதான் அது கைக்கு வரும் என்பது உங்கள் சட்டம்.

நோன்பு மாதம், மத்தியானக் கூட்டமில்லாத நேரங்களில், மூன்று வாரம் படித்தீர்கள். பிறகு வந்து "அந்த வக்கீல்தான்" என்றீர்கள். கடைசி அத்தியாயத்தை வாங்கிப் போனீர்கள். நாலாம் நாள் திரும்பி வந்து புத்தகத்தை என் மேசைமேல் போட்டீர்கள்.

"குடை எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"அவ்வளவு மழையில அப்பத்தான் வந்தேன்னு சொன்னானே செத்தவனோட தம்பி, அவன் குடை நனையவே இல்ல, அதை வெச்சுத்தான் பிடிச்சேன்னு கடைசியில துப்பறியறவன் சொல்றான். அந்தக் குடை முன்னாடி எங்கயுமே இல்லையே. மூணு நாளா முதல்ல இருந்து விரல் வெச்சுத் தேடறேன். என் கண்ணுதான் விட்டுடுச்சுன்னு நெனச்சேன்."

குடையை வெட்டியது நான்தான். அக்காவுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று வர்ணனைகளை அங்கங்கே சுருக்கியிருந்தேன். வாசலில் சாய்த்து வைத்த குடை எனக்கு வர்ணனையாகப்பட்டது. ஒப்புக்கொண்டேன். நீங்கள் கத்தவில்லை.

"எழுத்தைப் பெருசாக்கு. கதையைச் சிறுசாக்காத. குடையைப் பார்த்திருந்தா நானே பிடிச்சிருப்பேன்ல?"

நான் நிறையப் படித்தவள் என்று பெயர். படிக்கிறவருக்கு என்ன தர வேண்டும் என்பதை அந்த ஒரு நிமிடத்தில்தான் கற்றேன். குடையோடு மறுபடி அடித்துத் தந்தேன். அதன் பிறகு ஆறு புத்தகம். ஒரு வரியிலும் கை வைக்கவில்லை. நாலில் நீங்களே பிடித்தீர்கள். பிடித்த நாளெல்லாம் எனக்கு இலவச வர்க்கி.

கடைசிப் புத்தகத்தை, கடைசி அத்தியாயம் தவிர, ஆஸ்பத்திரியில் முடித்தீர்கள். பார்க்க வந்த என்னிடம், மூச்சு வாங்க, "எழுதிக்க, அந்த டாக்டர்தான்" என்றீர்கள். கொலைகாரன் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் கட்டிலில் உங்களைப் பார்த்ததும் "சரியாச் சொல்லிட்டீங்கக்கா" என்றேன்.

"பொய். உன் மூஞ்சியே சொல்லுது. மறுபடியும் வெட்டறியா? போ, நாளைக்கு அந்தக் கடைசி அத்தியாயத்தை எடுத்துட்டு வா. தப்புன்னா நானே படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்."

மறுநாள் இந்தப் பதினொரு பக்கத்தோடு வந்தேன். விடியும் முன்பே உங்களைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போயிருந்தார்கள். நீங்கள் திரும்பவில்லை.

போன வாரம் லவ்டேல் பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் ஏதோ அச்சடிக்க வந்தார். மேசைமேல் உங்கள் குடைப் புத்தகம் இருந்தது. புரட்டிவிட்டு, "ஏனுங்க, இது எங்க பிள்ளைங்களுக்கும் வேணுமுங்க, பத்துக் காப்பி போடுங்க" என்றார். உங்கள் கண்ணைப் போன்ற கண்ணுள்ள பிள்ளைகள் அவர் வகுப்பில் இருக்கிறார்கள். கிளம்பும்போது திரும்பினார். "கொஞ்சம் சுருக்கிடுங்க. பாவம், அவ்வளவு படிக்க மாட்டாங்க. இல்லேன்னா வேண்டாமுங்க." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்று சாயங்காலம் பதிலுக்காக வருகிறார்.

என் வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில். சுருக்க மாட்டேன், அக்கா. முழுப் புத்தகத்தையும் தருவேன், குடையோடு. டீச்சர் வேண்டாம் என்று போனாலும் சரி. கடைசி அத்தியாயம் தனியாகத்தான் இருக்கும். பிள்ளைகள் கொலைகாரன் பெயரைச் சொன்ன பிறகு கொடுங்கள் என்பேன். யாராவது தப்பாகச் சொன்னால், பாவம் பார்த்துச் சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்பேன்.