பஸ் ஓட்டுநர் உட்கார்ந்த நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மொன்டானா குளிரில் நான் நலமே.

இந்தப் பள்ளியில் பையன்களுக்கும் பெண்களுக்கும் நான் ஒருவனே மல்யுத்தப் பயிற்சியாளன். சனிக்கிழமை இரு அணிக்கும் வெவ்வேறு ஊரில் போட்டி. “நீங்க பசங்களோட போங்க, பொண்ணுங்க சமாளிச்சுப்பாங்க” என்றார் தலைமையாசிரியர். போனேன். பையன்கள் எல்லோரும் தோற்றார்கள்.

பெண்கள் போட்டியிலோ, களத்தின் ஓரம் பயிற்சியாளர் நாற்காலியில், அவர்களை அழைத்துப் போன பஸ் ஓட்டுநர் கிளைட் உட்கார்ந்திருக்கிறார். பிரியெல் என்ற பெண் முதல் பரிசு வாங்கிவிட்டாள்.

திங்களன்று அவளை வாழ்த்தினேன்.

“கிளைடுக்குச் சொல்லுங்க கோச். அவருக்கு ஒரு பிடிகூடத் தெரியாது. ஆனா கடைசிவரைக்கும் கூடவே இருந்தாரு” என்றாள்.

நீங்கள் பின்னித் தந்த கையுறை கிழிந்துவிட்டது. இன்னொன்று அனுப்புங்கள், கடைக் கையுறை சூடாகவே இல்லை.

பயிற்சிக்கு நேரமாகிறது. அப்பா கேட்டால், எங்கள் பள்ளிக்கு முதல் பரிசு என்று மட்டும் சொல்லுங்கள். நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டாம்.

உங்கள் மகன்,
டேரன்