ஒன்பது நாளில் ட்ரொம்ஸோவா

வெள்ளவத்தை,
30.11.1998

அன்புள்ள மகன் விக்னராசாவுக்கு அப்பா எழுதுவது,

அம்மாவின் முழங்கால் நோவை விட்டால் நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் கௌரியும் பேத்தி ஆரணியும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உடம்பைப் பற்றி இவ்வளவு போதும், மனம் நன்றாக இல்லை. கோபத்தோடுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். முடிக்கும்போது அது குறைந்திருந்தால் உன் அதிர்ஷ்டம்.

உன் கடிதமும் அதோடு வைத்த மேப் துண்டும் ஒன்பதாம் திகதி கிடைத்தன. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு ஒன்பது நாள் லீவு கிடைத்திருக்கிறது, படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்குள்ளேயே இருக்கிற பெரிய வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, டோட்மண்டில் இருந்து டென்மார்க், சுவீடன், நோர்வே என்று ஏறி உச்சியில் இருக்கிற ட்ரொம்ஸோ வரைக்கும் போய், வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுவதைப் பார்த்துவிட்டு வரப்போகிறோம், அப்பா நீங்கள்தான் மேப் தெரிந்த ஆள், பாதையைப் பார்த்துச் சொல்லுங்கோ என்று எழுதியிருந்தாய். சேர்வே டிப்பார்ட்மெண்டில் முப்பத்தொரு வருசம் படம் வரைந்தவனிடம் கேட்டதற்குச் சந்தோசம். ஆனால் நீ அனுப்பியது ஒரு படமா? பெற்றோல் செட்டில் சும்மா கொடுக்கிற தாள். அளவு போட்டிருந்த மூலை கிழிந்து போயிருக்கிறது. அதன்மேல் பேனையால் ஒரு கோடு இழுத்திருக்கிறாய், அந்தக் கோடு மலை, கடல் என்று பார்க்காமல் நேரே மேலே போகிறது. நீ படித்த பிள்ளை, பட்டறையில் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கிற வேலை செய்கிறாய் என்று நான் இங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நான் ஒரு அட்லஸை இரவல் வாங்கி அளந்து பார்த்தேன். போவதற்கு மட்டும் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். வருவதற்கும் அதே தூரம். ஒன்பது நாளால் பிரித்தால் ஒரு நாளைக்கு அறுநூறு, ஒரு நாள் கூட எங்கேயும் நிற்காமல். பாமன்கடை ஹாஷிம் நானாவை உனக்கு நினைவிருக்கும், வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு இருபது வருசம் டூரிஸ்ட் பஸ் ஓட்டியவர், இப்போது சண்டையால் ஓட்டம் குறைந்து வீட்டில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாரமான வாகனம், பனி ரோட்டு, ஓட்டுறது ஒரே ஆள், மணிக்கு ஐம்பது போனாலே பெரிய காரியம், தம்பி பன்னிரண்டு மணித்தியாலம் ஸ்டியரிங்கை விட ஏலா, இது டூர் இல்லை தண்டனை என்று அவர் சொன்னார். அதோடு அவருடைய அட்லஸின் பின்பக்கத்தில் இருந்த அட்டவணையை நான் பார்த்தேன். ட்ரொம்ஸோவில் மார்கழி மாதம் முழுவதும் சூரியனே எழும்பாதாம். சூரியன் எழும்பாத ஊருக்கு மூன்று வயதுப் பிள்ளையைச் சீற்றில் கட்டிக்கொண்டு ஒன்பது நாள் ஓடுவதை யார் உனக்குச் சொல்லித்தந்தது? அந்தப் பிள்ளை வழி முழுவதும் காணப்போவது தகப்பனின் பிடரியைத்தான். கௌரி இதற்கு எப்படிச் சம்மதித்தாள் என்று அம்மா கேட்கிறாள். கௌரியையும் நீ கேட்டிருக்க மாட்டாய் என்பது என் எண்ணம்.

ஆனாலும் நீ கேட்டுவிட்டாய், அதனால் நான் வேலையைக் குறையாகச் செய்யவில்லை. உன்னுடைய துண்டை வைத்துக் கண்ணைக் கெடுக்க மனமில்லாமல் ஹாஷிம் நானாவின் அட்லஸைப் பார்த்து நான்கு தாளை ஒட்டிப் பெரிதாக வரைந்தேன். பெற்றோல் எடுக்கிற இடத்துக்குச் சிவப்பு வட்டம், வானை நிறுத்திப் படுக்கிற இடத்துக்குக் கறுப்புச் சதுரம், வானோடு கப்பலில் ஏறுகிற இடத்துக்கு நீல அம்பு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வந்து சேருகிற நேரம், புறப்படுகிற நேரம். ஊர்ப் பெயர்கள் இங்கிலீசிலும் தமிழிலும். ஒரு கிழமை போனது. முடிந்ததும் குசினிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். உந்தப் படத்தைச் சுவரிலை ஒட்டாதேங்கோ, வாறவன் போறவன் என்ன நினைப்பான் என்று அம்மா அப்போதே சொன்னவள். நான் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் திகதி வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் ஒழுங்கையை இரண்டு பக்கமும் மறித்து வீடு வீடாகச் சோதித்தார்கள். இது எங்களுக்குப் பழகிப்போனது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு இரண்டையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு நிற்போம், அலுமாரியைத் திறந்து பார்ப்பார்கள், போவார்கள். அன்றைக்கு ஒரு பொலிஸ்காரன் தண்ணீர் கேட்டுக் குசினிப் பக்கம் போனான். போனவன் தண்ணீர் குடிக்காமல் திரும்பிவந்து மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு போனான். சிவப்பு வட்டம், கறுப்புச் சதுரம், கடலுக்குக் குறுக்கே நீல அம்பு, மணிக்கணக்கு, எல்லாவற்றுக்கும் தமிழில் எழுத்து. அது எந்த நாடு என்று பார்க்கக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. படத்தைச் சுருட்டி இரண்டு பேர் பிடிக்க, என்னை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு ஏற்றினார்கள், மேற்சட்டையை ஜீப்புக்குள் வைத்துத்தான் போட்டேன். முப்பத்தொரு வருசம் இந்த அரசாங்கத்துக்கு இந்தத் தீவின் படத்தை வரைந்து கொடுத்தவனை நோர்வேயின் படத்துக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஒழுங்கைக்குள் த்ரீவீலர் வர விடவில்லை. அம்மா அந்த முழங்காலோடு பாமன்கடை வரைக்கும் நடந்து போய் ஹாஷிம் நானாவின் கதவைத் தட்டியிருக்கிறாள். நான் பொலிஸ் நிலைய மர வாங்கில் குந்தியிருந்தேன். பக்கத்தில் லொட்ஜ் ஒன்றில் பிடித்த பன்னிரண்டு பேர் இருந்தார்கள், வவுனியாவில் இருந்து பிரயாண பாஸ் எடுத்து வெளிநாடு போக வந்தவர்கள். பத்து மணிக்கு மேல் ஹாஷிம் நானா உன் கடித உறையையும் அட்லஸையும் கொண்டு வந்து சேர்ந்தார். அவரை முதலில் வெளியே போகச் சொன்னார்கள், அவர் போகவில்லை. எனக்குப் பிணையாக நிற்க அவருக்கு என்ன கடமை? இந்தக் காலத்தில் ஒரு தமிழனுக்காகப் பொலிசுக்குள் வந்து நிற்பது என்ன என்று டோட்மண்டில் இருக்கிற உனக்கு மறந்திருக்கும்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க சார்ஜண்ட் ஒருவன் படத்தை மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் பாரம் வைத்துவிட்டு விசாரித்தான். வேலையைக் காப்பாற்றுவதற்காகப் படித்துப் பாஸ் பண்ணிய சிங்களம் அன்றைக்கு உதவியது. சிவப்பு வட்டம் என்ன? பெற்றோல். கறுப்பு என்ன? படுக்கிற இடம். வாகனத்துக்குள் ஏன் படுக்க வேண்டும், ஹோட்டல் இல்லையா? அதைத்தான் மாத்தயா நானும் மகனைக் கேட்கிறேன் என்றேன். நீல அம்பு என்ன, எந்தப் படகு, யார் ஓட்டி? பிரெடெரிக்ஸ்ஹாவன் என்கிற துறைமுகத்தில் இருந்து சுவீடனுக்குப் போகிற கப்பல், டிக்கெட் எடுத்தால் யாரும் போகலாம் என்றேன். ஹாஷிம் நானா அட்லஸைத் திறந்து ஒவ்வொரு இடமாகக் காட்டினார். அரை மணித்தியாலத்தில் எல்லாம் சரிவந்தது போலத்தான் இருந்தது. அதன் பிறகு வாக்குமூலம் எழுதினான். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டான். இரண்டு ஆண்கள், மூத்தவன் ஜேர்மனி, இளையவன் சுகிர்தன் டென்மார்க் என்றேன். டென்மார்க்கில் எந்த இடம் என்றான். ஹேர்னிங் என்றேன். காட்டு என்றான். விரலை வைத்தேன். அவன் குனிந்து பார்த்தான். அங்கே வெறும் தாள். மகனே, நீ போகிற பாதைக்கு நான் இழுத்த கோடு அதற்குப் பக்கத்தால், எழுபது கிலோமீற்றர் தள்ளி, நேராக மேலே போகிறது. பெற்றோல் செட் எல்லாம் குறித்திருக்கிறாய், முன்பின் தெரியாத ஊரில் படுக்கிற இடம் குறித்திருக்கிறாய், சொந்த மகனின் வீட்டைக் குறிக்கவில்லை, அந்த வீட்டில் என்ன இருக்கிறது, ஏன் மறைக்கிறாய் என்று கேட்டான். அவன் குரல் அப்போதுதான் மாறியது. வாசலில் நின்ற பொலிஸ்காரனும் உள்ளே வந்தான்.

மற்ற எல்லாக் கேள்விக்கும் டக்கென்று பதில் சொன்னவன் அதற்கு அந்த வெறும் தாளில் வைத்த விரலை எடுத்தேன். ஹாஷிம் நானா என் முகத்தைப் பார்த்தார், அவருக்கும் அது தெரியாது, நான் யாருக்கும் சொன்னதில்லை. மறைத்தால் எனக்குத்தான் ஆபத்து என்று விளங்கியது. என் இரண்டு பிள்ளைகளும் ஐந்து வருசமாக ஒருவரோடொருவர் கதைப்பதில்லை என்று சொன்னேன். அன்னிய பாசையில், அன்னியன் ஒருவனுக்கு, சாரத்தோடு நின்று சொன்னேன். தம்பிக்கு அண்ணன் ஒரு இடத்தில் சம்பந்தம் பேசிச் சொல்லும் கொடுத்தான், தம்பி அதை விட்டுவிட்டுத் தன்னோடு வேலை செய்த டெனிஷ் பெண்ணைக் கட்டினான், என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று அண்ணன் சொன்னான், நீயும் என் வீட்டுக்கு வராதே என்று தம்பி சொன்னான், மூத்தவன் கோபிப்பான் என்று அந்த வீட்டை நானும் குறிக்காமல் விட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எழுதுவதை நிறுத்திப் பேனையை மூடினான். பிறகு ஹாஷிம் நானாவிடம், பொய் சொல்கிற ஆள் வேறு நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான் என்றான். அதுவரை என்னை நீ என்று கதைத்தவன் அதற்குப் பிறகு மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டான். பின்னேரம் மூன்றரைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். வெளிக்கிடும்போது, ஒன்பது நாளில் இந்தப் பயணம் முடியாது என்று மகனுக்கு எழுதுங்கள் என்றும் சொன்னான். படத்தைத் தரவில்லை. இரண்டு தரம் போய்க் கேட்டுவிட்டேன், விசாரணைக் கோவையில் சேர்த்துவிட்டோம் என்கிறார்கள். வாங்கில் இருந்த அந்தப் பன்னிரண்டு பேர் நான் வெளிக்கிடும்போதும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுக்கு அட்லஸும் இல்லை, ஹாஷிம் நானாவும் இல்லை. யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் உன்னைத் திட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அம்மா அழவில்லை. நான் ஐஞ்சு வருசமாய்க் கோயிலிலை மட்டும் சொல்லுறதை நீங்கள் பொலிசிலை சொல்லிப்போட்டு வந்திருக்கிறியள் என்று மட்டும் சொன்னாள். மகனே, கலியாண விசயத்தில் அந்த நேரம் நானும் உன் பக்கம்தான் நின்றேன், கொடுத்த சொல் போனது எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. எனக்கு அந்தக் கோபம் ஒரு வருசத்தில் போய்விட்டது. தம்பி கட்டின கிர்ஸ்டன் என்கிற அந்தப் பிள்ளை ஒவ்வொரு வருசப் பிறப்புக்கும் அம்மா, அப்பா என்று தமிழில் கோணல்மாணலாக எழுதி அட்டை போடுகிறாள். பெற்ற எனக்குப் போன கோபம் உனக்கு ஏன் போகவில்லை? பச்சை வெளிச்சம் பார்க்க ஐயாயிரம் கிலோமீற்றர் ஓட நேரம் இருக்கிறது, கூடப்பிறந்தவனிடம் திரும்ப எழுபது கிலோமீற்றருக்கு நேரம் இல்லையா?

படம் பொலிசில் இருப்பதால் இனி எழுத்தில்தான் சொல்ல வேண்டும், கவனமாகப் படி. ட்ரொம்ஸோவை விடு. இருபத்துமூன்றாம் திகதி காலையில் வெளிக்கிட்டு ஹம்பேர்க் தாண்டி ஒரு இடத்தில் இரவு தங்கு, நானூறு கிலோமீற்றருக்கு மேல் அன்றைக்கு ஓடாதே. மறுநாள் எல்லை கடந்து வைலே என்கிற ஊரில் பெரிய ரோட்டை விட்டு இடப்பக்கம் திரும்பு. மூன்றரைக்கெல்லாம் அங்கே இருட்டிவிடும், அதற்கு முன்னம் ஹேர்னிங் போய்ச் சேர வேண்டும். அன்று பின்னேரம்தான் அவர்களுக்கு நத்தார் விருந்து, கிர்ஸ்டனின் தாய் தகப்பனும் வருவார்கள். மூன்று நாள் அங்கே நில். அதன் பிறகும் வான் ஓட்டுகிற ஆசை இருந்தால் இரண்டு கடல் சந்திக்கிற ஸ்காகன் முனை வரைக்கும் ஆரணியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு, போக்கும் வரவும் ஒன்றரை நாள். முப்பதாம் திகதி வீட்டில் நிற்பாய். எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு கிலோமீற்றருக்குள் வரும், ஹாஷிம் நானாவும் பார்த்து ஓம் என்றார். சுகிர்தனுக்கு இதே திகதியைப் போட்டு இன்றைக்கே ஒரு கடிதம் தபாலில் சேர்த்திருக்கிறேன். அவனைச் சம்மதம் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை.

பனிக்கென்று இருக்கிற ரயர் போட்ட வான்தானா என்று பார்த்து எடு. உள்ளே காஸ் ஹீற்றர் எரிகிறபோது யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு படு, ஆரணிக்குக் காது மூடிக் கட்டு. கௌரியை ஒரு முறையாவது கேட்டு நடந்துகொள். அம்மா பிள்ளைக்கு ஆயிரம் முத்தம் சொல்லச் சொன்னாள். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தர நாங்கள் கும்பிடுகிற முருகன் துணை நிற்கட்டும், அந்த இரண்டாவதை உனக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. போய்ச் சேர்ந்ததும் எங்களுக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும். அங்கே பகல் இரண்டு மணி என்றால் இங்கே மாலை ஏழு, அம்மா ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருப்பாள். நீ எடுக்கக் கூடாது. சுகிர்தன் தன் வீட்டில் இருந்து எடுத்து, அண்ணா வந்திட்டான் என்று சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபத்தோடும் பாசத்தோடும் இருக்கும்
அப்பா,
மு. தில்லைநாதன்