சொறியும் நல்ல தண்ணீரும்

20-7-58, ஞாயிறு. வேம்பார்.
காலை முதலே பெருங்காற்று. கண்ணெல்லாம் மணல். மாலை ஆறு மணிக்குக் கூட்டம்; தலைப்பு "அஞ்சாமை". குறிப்பு ஆயத்தம். மனைவி பொன்னுத்தாய் கடல் கண்டதில்லை. அதற்கென்றே உடன் அழைத்து வந்தேன்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பரதவப் பெண் ஒருத்தி: "இங்கன எறங்காதீக. சொறி கிடக்கு, கொட்டுற மீனு."

பொன்னுத்தாய் தயங்கினாள். மேடைக்கென வைத்திருந்த முதற்பத்தியை அவளிடம் முழங்கினேன். அஞ்சுவார்க்குக் கணுக்கால் நீரும் ஆழ்கடல் என்றேன். இறங்கினாள்.

இடுப்பளவு நீர். அலறல். இடக்கையில் கண்ணாடி நூல் போல ஏதோ சுற்றல். அடியில் சிவந்த தடிப்பு.

நான் விசுவநத்தத்தான். வெடிமருந்து பற்றிக் கை வெந்தால் எங்கள் ஊரில் முதல் வேலை நல்ல தண்ணீர் ஊற்றுவது. எண்ணிப் பார்ப்பதில்லை. செம்புக் குடிநீர் முழுதும் கவிழ்த்தேன். துண்டால் தேய்க்கவும் செய்தேன். எரிவு இரட்டித்தது. அவளுக்கு மூச்சு இரைத்தது, உதடு வெளுத்தது.

"ஏய்யா, நல்ல தண்ணி ஊத்தாதீக! தேய்க்காதீக! இதென்ன தீக்காயமா?"

வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள் அப்பெண். பெயர் அந்தோணியம்மாள். கடல்நீரையே கோரி ஊற்றினாள். குச்சியால் நூல் நூலாக எடுத்தாள். தன் குடிசையில், தாங்குமளவு வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தாள். நெடுநேரம். மூச்சு சீரானது.

"அய்யா என்ன தொழிலு?"
"மேடையில் பேசுவேன்."
"பேச்சுக்காரரா! அதான் அடுத்தவ சொன்னது காதுல விழல."

பொன்னுத்தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் திருப்பித் தந்தவளுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

கூட்டத்திற்குச் செல்லவில்லை. ஆள் வழிச் செய்தி.

21-7, திங்கள்.
வீக்கம் குறைவு. காய்ச்சல் இல்லை. அந்தோணியம்மாள் சொன்னவை, மறவாதிருக்க:
சொறி (இழுதுமீன்): செத்துக் கரை ஒதுங்கினாலும் தொடலாகாது.
திருக்கை: மணலில் புதைந்திருக்கும். வாலில் நச்சு முள். காலைத் தூக்கி வையாது, உரசி நடக்க.
கல்மீன்: பார்வைக்குப் பாறை. வெறுங்கால் கூடாது.
கடற்பாம்பு: வலையில் வந்தால் அவர்களே எட்டி நிற்பர்.
பூப்போட்ட கூம்புச் சங்கு: உயிருள்ளது கொட்டும். (நேற்று பொன்னுத்தாய் ஒன்றை மடியில் கட்ட இருந்தாளாம்! நல்லவேளை.)

23-7, அறிவன் (புதன்). விசுவநத்தம்.
கடும் வெயில். பட்டாசுக் கொட்டகைப் பெண்கள் நலம் கேட்க வந்தனர். கைத் தடிப்பைப் பார்த்து ஒருத்தி:
"ஏத்தா, எந்தக் கம்பெனி வெடி?"
"கடல் கம்பெனி" என்கிறாள் இவள்.
அந்தோணியம்மாளுக்குக் கம்பி மத்தாப்பு ஒரு பெட்டி, வேம்பார் செல்லும் பேருந்து நடத்துநர் வழி. போதாது. தெரியும்.

27-7, ஞாயிறு.
மாலை சிவகாசியில் கூட்டம். அதே தலைப்பு. சட்டைக்குத் தேய்ப்புப் பெட்டி போட்டுக்கொண்டே பொன்னுத்தாய்:
"மறுபடி கடலுக்குக் கூட்டிட்டுப் போவீகளா?"
அச்சமில்லையா என்றேன்.
"இருக்கு. அந்தம்மா எறங்கச் சொன்னா எறங்குவேன். நீங்க சொன்னா மாட்டேன்."
முதற்பத்தியை அடித்துவிட்டேன். மணி நான்கு. இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை.