பதினான்கு இஸ்திரிப் பெட்டிகள்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். போனில் பேசினால் நீங்கள் சாப்பிட்டாயா என்பீர்கள், நான் ஆச்சு என்பேன், அதற்குள் உங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விடுமுறை முடிந்து அங்கே திரும்பும் உங்கள் அறைக்கூட்டாளி நாளைக் காலை வந்து இதை வாங்கிக்கொண்டு போகிறார்.

முதலில் வீட்டுச் சேதி. மாடித் தொட்டித் தண்ணீர் பகலில் கையை வைக்க முடியாத சூடு. விடியுமுன்பே குடங்களில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். நீங்கள் குப்பையில் போடச் சொன்ன மேசை மின்விசிறியைப் பாப்பா பிரித்துப் போட்டு ஓட வைத்துவிட்டாள். காற்று வருகிறது, லாரிச் சத்தமும் வருகிறது.

கல்லூரி விடுமுறை என்றுதான் பேர், அவள் கால் வீட்டில் தங்குவதில்லை. கூடப் படிக்கும் ஆறு பேரோடு சேர்ந்து, நம் பகுதி சுகாதார நிலைய நர்ஸிடம் வெயில் தாக்கினால் என்ன செய்வது என்று பாடம் கேட்டாள். தெருக்களைப் பங்கு பிரித்துக்கொண்டு, தினம் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் கதவு தட்டுகிறார்கள். தனியாக இருக்கிற வயசானவர்கள், பிள்ளைத்தாச்சிகள், கைக்குழந்தைக்காரிகள் வீடெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தெருவுக்கு ஒரு வெப்பமானி மாட்டி, அளவையும் குறித்து வருகிறார்கள். எதிர்வீட்டு ரிட்டயர்டு தபால்காரர் முதல் நாள், “நான் இருக்கேனா போயிட்டேனான்னு பார்க்க வந்தியா?” என்று எரிந்து விழுந்தாராம். இப்போது இவள் ஐந்து நிமிஷம் பிந்தினால் கேட்டில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். நூலகத்தை மதியம் பூட்டாமல் திறந்து வைக்கவும் மனுக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே வேகிறவர்கள் இப்போது அங்கே போய்ச் சாய்ந்துகொள்கிறார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஊருக்கு விசிறுவது இருக்கட்டும், புத்தகத்தை எடு என்றேன். எங்கள் ஆலையிலும் ஒரு வெப்பமானி மாட்டலாமா என்று அவள் கேட்டபோது, என் வேலைக்கு உலை வைக்காதே என்று வாயை அடைத்துவிட்டேன்.

இனி எழுதப் போவது எனக்கு வெட்கமான விஷயம்.

எங்கள் இஸ்திரிப் பிரிவு உங்களுக்குத் தெரியும். பதினான்கு பெட்டி, நீராவி, தலைக்கு மேலே தகரம். போன மாதம் ஒரு மதியம், சட்டைக் கை தேய்க்கும் பெண், நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோமே, அவள் பேச்சுக் குழறிக் கீழே சாய்ந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து பிழைத்தாள். அவள் விழுந்த அன்று சாயங்காலமே மேனேஜர் பதிவேட்டை என் முன்னால் தள்ளி, “காலையில சாப்பிடாம வந்திருக்கா, மயங்கிட்டா. அப்படியே எழுதிடுங்க” என்றார். எழுதினேன். அன்று காலை அவள் என் டிபன் பாக்ஸிலிருந்து என் கூடவே சாப்பிட்டவள். தெரிந்துதான் எழுதினேன். சூப்பர்வைசர் என்று கையெழுத்தும் போட்டேன்.

நான் எழுதியது அதற்குள் சிட்டு காதுவரை போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பாப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி ஆறியிருப்பேன். “அம்மா, அந்த அக்கா உங்க மேல கோவமா இல்ல. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு” என்றாள். அவ்வளவுதான். வெப்பமானியை என் கைப்பையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் அதைத் தூணில் மாட்டினேன். காலை பத்துக்கு முப்பத்தெட்டு. பன்னிரண்டுக்கு நாற்பது. இரண்டு மணிக்கு நாற்பத்து மூன்று. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினான்கு பெட்டியும் ஓய்ந்தன. எல்லாரையும் வெளியே வேப்பமர நிழலுக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

மேனேஜர் ஓடி வந்தார். “யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?” என்றார்.

“யாரையும் கேட்கல சார். வெயில் இறங்கட்டும், பெட்டிய ஏத்துறோம். அந்த ரெஜிஸ்டரையும் கொஞ்சம் கொடுங்க, அன்னைக்கு நான் தப்பா எழுதிட்டேன்” என்றேன். பதிவேட்டை நானே போய் எடுத்துவந்தேன். பழைய வரியை அடித்து, அறையின் சூட்டால் மயங்கினாள் என்று எழுதி, கீழே மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். ஒருத்தி போனால் எல்லாரும் போகிறோம் என்று மற்றவர்கள் மூன்று நாள் உள்ளே நுழையவில்லை. பாப்பாவும் அவள் கூட்டமும் மூன்று வாரத்து வெப்ப அளவுகளைத் தெருவாரியாகத் தாளில் எழுதி, நர்ஸோடு போய் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் நல்லவரா என்று எனக்குத் தெரியாது. கணக்குப் புரிந்தவர். இப்போது வேலை விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி மதியம் பன்னிரண்டரைக்கு முடிகிறது. மணிக்கு ஒரு தரம் பத்து நிமிஷம் ஓய்வு. சூட்டை வெளியே இழுக்க இரண்டு பெரிய விசிறி. கூரைக்கு வெள்ளை பூசியதும் பிள்ளைகள்தான். வீட்டுக்கு வரும்போது பாப்பாவின் தலைமுடி முழுக்க நரைத்துப்போய் இருந்தது, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எங்களுக்கு. சிட்டு திரும்பி வந்துவிட்டாள். யார் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார்கள் என்று அதட்டிக் கேட்பது இப்போது அவள் பொறுப்பு. எனக்கும் விலக்கில்லை.

சூப்பர்வைசர் நாற்காலி என்னிடமிருந்து போய்விட்டது. எட்டாம் நம்பர் பெட்டி என் கையில். பழகிக்கொண்டேன். நீங்கள் வருத்தப்பட வேண்டாம், ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது. அடுத்து சாயப்பட்டறைக்காரர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாப்பா போகப் போகிறாள். இந்த முறை நானும் கூடப் போகிறேன்.

இன்னொன்று. நேற்று உங்கள் கூட்டாளி வந்திருந்தபோது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “இப்ப தேவலாம்மா” என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் கேட்டார். எதிலிருந்து தேவலாம் என்று எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பாப்பா உள்ளே இருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி அவளாகவே ஒரு தாள் கொண்டுவந்து, கடிதத்தோடு வையுங்கள் என்றாள். நீங்கள் ரோடு போடும் இடத்தில் எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, நிழல் இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு தூரத்தில், யாராவது விழுந்தார்களா என்று பத்துக் கேள்வி எழுதியிருக்கிறாள். கடைசிக் கேள்வியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறாள்.

நான் பொய் எழுதியதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். நீங்களும் எங்களிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் அழ மாட்டோம். என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

வெயில் ஏறுமுன் தலையை நனைத்துக்கொண்டு, நல்லபடியாக இருங்கள்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா